மேற்படி சாவியும் கிட்டுசாமியும்

அசல் ஆவணத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம் எனக்கு இரக்கமே இருந்ததில்லை. தாலுகா அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் உட்கார்ந்து, "ஒரிஜினலைப் பத்திரமா வெக்கத் தெரியாதவருக்கு டூப்ளிகேட் எதுக்குங்க?" என்று கேட்டே ஓய்வு பெற்றவன் நான். (கேட்டுவிட்டு மனுவைத் திருப்பியும் கொடுப்பேன். இடது ஓரத்தில் இடம் விட்டிருக்க மாட்டார்கள்.) ஆகவே எனக்கு நடந்தது நடக்க வேண்டியதுதான் என்று எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் பலர் நினைக்கலாம். என் மனைவி கமலம் நினைப்பதோடு நிறுத்துவதில்லை.

ஓய்வுக்குப் பிறகு எனக்குச் சங்கேதப் புதிர்ப் பைத்தியம் பிடித்தது. எழுத்துகளுக்குப் பதிலாக எண்களைப் போட்டு மறைத்த வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் என் கூட்டாளி கிட்டுசாமி. மாட்டுத் தரகர், படித்தது எட்டாவது. சனிக்கிழமை மதியம் புதிர்ப் புத்தகத்தோடு என் வீட்டு முன்னறையில் உட்காருவோம். நான் கட்டம் போட்டு, எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று சிவப்பு மையில் எண்ணி, கூட்டிப் பார்த்து, சரி என்று சுருக்கொப்பமிடுவேன். நான் ஒப்பமிடும்போது கிட்டுசாமி டீயை உறிஞ்சிக்கொண்டே விடையைச் சொல்லிவிடுவார்.

"எப்படிங்க கிட்டுசாமி?"

"மாட்டப் பாக்கறதுக்கு முன்னால மாட்டுக்காரனப் பாக்கோணுமுங் சார். பல்லுப் புடிச்சுப் பாக்கறதெல்லாம் அப்புறந்தான்."

இது முறையான விளக்கமல்ல என்று ஒதுக்கிவிட்டேன். முறை தெரியாதவர் ஏன் ஒவ்வொரு வாரமும் ஜெயிக்கிறார் என்று யோசிக்க, எனக்கு முறை இடம் கொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் கோயமுத்தூரிலிருந்து மகள் கவிதா போன் செய்தாள். ஆசிரியர் வேலைப் பட்டியலில் அவள் பெயர் வந்திருக்கிறது. மறுநாள் பத்து மணிக்குப் பாலக்காட்டில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் இல்லாமல் வருகிறவர்கள் பரிசீலிக்கப்பட மாட்டார்கள். (எவ்வளவு அழகான வாக்கியம். நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.)

"சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுல வர்றனுங்ப்பா. எல்லாம் பீரோவுலதான இருக்குது?"

"என்ன கேள்வி இது?" என்றேன்.

பீரோவில்தான் இருந்தது. சாவிதான் இல்லை.

முந்தைய வருடம் நானும் கமலமும் பத்து நாள் கோயில் குளம் என்று கிளம்பியபோது, பாதுகாப்பு கருதிச் சாவியைப் பத்திரப்படுத்தியிருந்தேன். அந்த இடத்தை மறக்காமலிருக்க, நானே உருவாக்கிய சங்கேதத்தில் டைரியில் எழுதினேன். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியலை, திருடன் கையில் சிக்காதபடி கேஸ் அடுப்பில் எரித்தேன். திருடன் வரவில்லை; அதன்பின் பீரோவைத் திறக்கும் வேலையும் வரவில்லை. பட்டியல் என் தலையிலும் இல்லை.

பீரோவை உடைக்கலாமென்றால் கமலத்திடம் காரணம் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டை அவள் அரை மணி நேரம் தேடிய ஒரு நாளில், ஆவணப் பராமரிப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசியவன் நான். கிட்டுசாமிக்குப் போன் செய்தேன். புதிர் ஒன்று வந்திருக்கிறது, கொஞ்சம் அவசரம் என்றேன்.

"என்னங்ண்ணா, இந்த வாரம் சனிக்கிழமை புதன்லயே வந்துருச்சா?" என்று கிட்டுசாமியிடம் கேட்டபடி கமலம் டீயை வைத்துவிட்டுப் போனாள்.

கிட்டுசாமி டைரியின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத எழுதுனது நீங்கதானுங்களே?"

"எப்படிச் சொல்றீங்க?"

"புதிருக்கு யாருங் சார் தேதி போட்டுக் கையெழுத்து வெப்பாங்க?"

ஒப்புக்கொண்டேன். குரலைத் தாழ்த்தி முழுக்கதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாட்டில் என்ன குறை கண்டாலும் முகத்தில் காட்டாமல் நிற்கப் பழகிய மனிதர். அன்று அந்த முகத்தைக் கும்பிடலாம் போலிருந்தது.

நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். "அத மூடி வெய்ங்க சார்," என்றார். "எட்டு வார்த்த இருக்குது. மொதலு, மூணாவது, அஞ்சாவது, மூணும் ஒரே வார்த்த. நாலு எழுத்து. எட்டு வார்த்தைல மூணு தடவ திரும்பத் திரும்ப எழுதற ஆளு நீங்க. அந்த வார்த்த என்னவா இருக்குமுங்க?"

நான் பல வார்த்தைகளை யோசித்தேன்.

"மேற்படிங்க," என்றார் கிட்டுசாமி. "போன மாசம் எம்பட வரப்புத் தகராறுக்கு மனு எழுதிக் குடுத்தீங்களே, பதினோரு மேற்படி. எண்ணிப் பாத்தனுங்க."

எண்களுக்கு மேல் எழுதினேன். பொருந்தியது.

"கடைசி வார்த்த பத்து எழுத்து. என்னத்தையோ வெச்சிருக்கறீங்க. ஆனா 'வெச்சேன்'னு உங்களுக்கு எழுத வராது. 'வைக்கப்பட்டுள்ளது'னு போட்டுப் பாருங்க."

மேற்படியில் வந்த 'ப'வின் எண்ணே அங்கும் சரியான இடத்தில் வந்து நின்றது. எனக்கு உடல் சிலிர்த்தது. முப்பத்துமூன்று வருடக் கோப்புகளில் நான் எதையும் செய்ததில்லை, எல்லாம் செய்யப்பட்டுள்ளது என்பதை ஒரு மாட்டுத் தரகர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மீதி எழுத்துகள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. நாலு மணிக்கு முழு வாக்கியமும் எங்கள் முன் இருந்தது:

'மேற்படி பீரோவின் மேற்படி சாவி மேற்படி வழக்கமான இடத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.'

இருவரும் இரண்டு முறை படித்தோம்.

"வழக்கமான எடம் எதுங் சார்?" என்றார் கிட்டுசாமி மெதுவாக.

மேசை டிராயர். ஓடிப்போய்த் திறந்தேன். காலையிலேயே நான்கு முறை பார்த்த அதே டிராயர், அதே காலி. மெத்தைக்கடியில் பார்த்தேன், புத்தகங்களை உதறினேன், பழைய சட்டைப் பைகளைத் துழாவினேன். மணி ஐந்தானது. ஒரு மணி நேரத்தில் மகள் வந்துவிடுவாள். அவளுக்கு வேலை போனால் அதற்கு முழுக் காரணம், ஒரிஜினலைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த இந்த அப்பன். வாழ்க்கையில் முதல்முறையாக, அலுவலகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

கிட்டுசாமி நாற்காலியை விட்டு அசையவில்லை. "சார், ஆபீசுல 'வைக்கப்பட்டுள்ளது'னு எழுதுவீங்களே, அத வெச்சது நீங்களா?"

"நான் எதுக்கு வைக்கணும்? பியூன் வெச்சிருப்பான்."

"போயி வெச்சுட்டானான்னு பாத்துட்டு எழுதுவீங்களா?"

"சொல்லிட்டா வெச்ச மாதிரிதானே?"

"சரீங்க. ஊட்டுல பியூனு யாருங்க?"

இருவரும் சமையலறைப் பக்கம் திரும்பினோம்.

கமலம் வாசற்படியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கும் துணிவு இல்லை.

"பீரோ சாவியா? பெருங்காய டப்பாவுல இருக்குதுங்க. ஊருக்குக் கெளம்பற அன்னைக்கு எங்கையில குடுத்து, வழக்கமா வெக்கற எடத்துல வெய்யின்னீங்க. நான் வழக்கமா அங்கதான் வெப்பேன்."

"காலைல இருந்து தேடறேன், சொல்றதுக்கென்ன?"

"என்ன தேடறீங்கன்னு வாயத் தொறந்து சொன்னீங்களா?"

ஆறேகாலுக்குக் கவிதா வந்தபோது சான்றிதழ்கள் மேசையில் வரிசையாக இருந்தன. மறுநாள் எல்லாம் சரியாக முடிந்தது. இப்போது வடகரப்பதிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். கிட்டுசாமி இந்தக் கதையை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கமலம் சொல்லாத ஆள் யாரும் பாக்கியில்லை.

என் மூக்குக்கண்ணாடி காணாமல் போகும்போதெல்லாம் கவிதா, "மேற்படி கண்ணாடி மேற்படி இடத்திலேயே வைக்கப்பட்டுள்ளது," என்று படித்துக் காட்டுகிற குரலில் சொல்வாள். மருமகனும் கற்றுக்கொண்டுவிட்டார். சனிக்கிழமைகளில் கிட்டுசாமியும் நானும் இன்னும் புதிர் போடுகிறோம். நான் கட்டம் போடுவதை விட்டுவிட்டேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

பீரோ சாவி பெருங்காய டப்பாவிலேயே இருக்கிறது. நேற்று நானே போய்த் திறந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.