இலையைக் கசக்கி முகர்பவர்

தானாக முளைக்கும் செடிகளில் பெயர் தெரியாதவை ஆயிரம் இருக்கலாம். அவற்றுக்குப் பக்கத்தில் தானாக முளைக்கும் மனிதர் மட்டும் எங்கும் ஒரே வகைதான். நீங்கள் ஒரு செடியைக் குனிந்து பார்த்தால் போதும், பின்னால் வந்து நிற்பார்.

"என்ன பாக்கறீங்க? இது தெரியாதா?"

தெரியாதென்று சொல்லிவிட்டால் மனிதருக்கு வயது பாதியாகிவிடும். ஓர் இலையைக் கிள்ளுவார், உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார், மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார், பழைய சிநேகிதரை அடையாளம் கண்டுகொண்டது போலத் தலையை ஆட்டுவார், பிறகு பெயரைச் சொல்வார். பெயருக்கா பஞ்சம்? தெரிந்த செடியின் பெயருக்கு முன்னால் 'காட்டு' என்று சேர்த்தால் ஒரு புதுச் செடி கிடைத்துவிடும். அதுவும் ஒட்டவில்லையா? 'பேய்' இருக்கவே இருக்கிறது.

நம்மவர் ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவர் வெடிப்பில், ஒரு செடி முளைத்தது. செம்பு நிறத் தண்டு, ரம்பப் பல் போல ஓரம் வெட்டிய இலை, கிள்ளினால் பால், பொட்டளவு மஞ்சள் பூ. மாடி வீட்டுக்காரரிடம் அதைக் காட்டுத் துளசி என்றார். தபால்காரரிடம் பேய்க் கீரை என்றார். மனைவியிடம் மட்டும் பெயரோடு நிறுத்தவில்லை.

"முழங்கால் வலிக்கு இத மாதிரி கிடையாது. கஷாயம் வச்சுக் குடி."

இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் அந்த அம்மாள் அவரை நம்பினாள். குடித்தாள். சாயங்காலமே குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி. நம்மவர் ஓர் ஆட்டோவைப் பிடித்து அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"என்ன இலை? பேர் தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மருந்து குடுக்கலாம்" என்றார் டாக்டர்.

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவருக்கு நிஜமாகவே பெயர் வேண்டியிருந்தது. நம்மவர் வாயைத் திறந்தார். 'காட்டு' வரைக்கும் வந்துவிட்டது.

கட்டிலில் கிடந்த மனைவி அவர் சட்டையை எட்டிப் பிடித்தாள். "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க. தப்பான மருந்தக் குடுத்துடப் போறாங்க."

அவர் அந்தக் 'காட்டு'வை அப்படியே விழுங்கினார்.

"தெ... தெரியாது, டாக்டர்."

வரும்போது நம்மவர் பறித்து வந்திருந்த இலையை டாக்டர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியல" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஊசி போட்டு, சலைன் ஏற்றி, ராத்திரி முழுக்கக் கண்காணிக்கச் சொன்னார். விடிந்தபோது அம்மாள் எழுந்து உட்கார்ந்து புருஷனைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

நம்மவர் திருந்தினாரா என்றா கேட்கிறீர்கள்? வீடு திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் சொன்னார்: "டாக்டர் கைராசிக்காரர்தான். ஆனா பாருங்க, ஒரு இலைகூட அடையாளம் தெரியல."

சிரிக்காதீர்கள். செம்பு நிறத் தண்டு, பால், மஞ்சள் பூ என்று நான் சொன்னபோதே உங்கள் மனதுக்குள் ஒரு பெயர் வந்து உட்கார்ந்ததா, இல்லையா? அது என்ன செடியென்று எனக்கே தெரியாது. எதற்கும் உங்கள் உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.