ஜெர்மன்காரர் ஹாலுக்கு வந்த கதை

இந்தத் தடவை மனைவியை ஜெயித்தே தீருவது என்று பேராசிரியர் முடிவு செய்தது பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. கல்யாணமான நாளிலிருந்து இதே முடிவை எத்தனையோ முறை எடுத்து, வாய் கொப்பளிப்பதற்குள் கைவிட்டவர்தான். ஆனால் இன்று துணைக்கு ஆள் இருந்தது. அந்த ஆள் ஜெர்மனியில் எப்போதோ செத்துப்போன ஒரு தத்துவவாதி.

கல்லூரியில் தத்துவம் நடத்துகிற நம் பேராசிரியர், அந்த ஜெர்மன்காரரின் தடித்த புத்தகம் ஒன்றுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர் எழுதியது யாருக்கும் புரியவில்லை என்று ஒருவர் விளக்கம் எழுதினார். அந்த விளக்கம் புரியவில்லை என்று இன்னொருவர் விளக்கம் எழுதினார். இப்படிப் பெற்றுப் பெருகிய விளக்கங்கள் அத்தனையும் தப்பு என்று காட்டுவதுதான் பேராசிரியரின் உரை. அதை அவர் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து எழுதினார். கதவைச் சாத்திவிட்டால் அங்கே யாரும் வந்து காய்கறி வாங்கி வரச் சொல்ல மாட்டார்கள். அந்த அறை போனால் உரை போச்சு. உரை போனால், ஓய்வு பெற்ற மறுநாளே கல்லூரி தன்னை மறந்துவிடும் என்று அவர் உள்ளபடியே பயந்தார்.

வம்பு முந்தைய நாள் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்திருந்தது. அவர் மனைவி தையல்காரி. படுக்கையறை மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே தைத்துக் கொடுப்பவள். இனிமேல் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தப்போவதாகவும், அதை ஹாலில் வைத்துக்கொள்ளப்போவதாகவும் சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் இருப்பது பெயருக்கு ஒரு சுவர். அந்தப் பக்கம் வரிசையாக மெஷின்கள் கடகடத்தால் இந்தப் பக்கம் எந்தத் தத்துவம் நிற்கும்?

அப்போதுதான் ஜெர்மன்காரர் கைகொடுத்தார். அவர் தத்துவம் என்று மாணவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வது மூன்று படிகள். முதலில் ஒரு கருத்து. பிறகு அதற்கு ஒரு மறுப்பு. இரண்டும் முட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒரு முடிவு பிறக்கும். உண்மையில் இந்த மூன்று படியை ஜெர்மன்காரர் இப்படிச் சொல்லவே இல்லை, விளக்கம் எழுதியவர்கள் கட்டிவிட்டது என்று பேராசிரியரே ஒரு நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் அவசரத்துக்கு யார் கட்டுரையைப் பார்க்கிறார்கள்?

திட்டம் இதுதான். ஹால் முழுவதும் என் புத்தகங்களுக்கு வேண்டும் என்று இவர் ஆரம்பிப்பார். ஒரு காகிதம்கூட ஹாலுக்குள் வரக் கூடாது என்று அவள் மறுப்பாள். மறுக்காமல் அவளால் இருக்க முடியாது. மழை பெய்கிறது என்று இவர் சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு "தூறல்தான்" என்பவள். கடைசியில் ஹால் உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று முடியும். வகுப்பு அவள் அக்கா வீட்டு மாடிக்குப் போய்விடும்.

காபியைக் கையில் வாங்கிக்கொண்டு பேராசிரியர் தொடங்கினார். ஹாலின் காற்று, வெளிச்சம், அறிவு வளர்ச்சிக்கும் அகலமான இடத்துக்கும் உள்ள உறவு என்று வகுப்பில் பேசுவதைவிட நன்றாகவே பேசினார். அவள் கால்சட்டை ஒன்றுக்குப் பட்டன் வைத்துக்கொண்டே கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரிங்க," என்றாள்.

பேராசிரியருக்குக் காபி புரை ஏறியது.

"சரின்னா?"

"நீங்க சொல்றது சரிதானே. பாவம், இருட்டறையில கிடந்து கண்ணைக் கெடுத்துக்கிறீங்க. மேஜையையும் ஹால்லயே போட்டுக்கங்க."

"நீ ஒண்ணும் மறுத்துச் சொல்லலியா?"

"எதுக்கு மறுக்கணும்? இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கீங்க."

"அப்ப உன் வகுப்பு?"

"அதான் பின்னறை காலியாயிடுதே. அங்க வச்சுக்கிறேன். கதவைச் சாத்திட்டா உங்களுக்கும் சத்தம் கேக்காது."

அவருக்கு முழி பிதுங்கியது. ஹாலில் டிவி இருக்கிறதே என்றார். அணைத்துவிடலாம் என்றாள். விருந்தாளிகள் வருவார்களே என்றார். வருகிறவர்கள் உங்களிடம் நாலு நல்ல விஷயம் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றாள். ஹாலின் பெருமையைக் கால் மணி நேரம் அளந்த வாயால் அதற்குமேல் என்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கயிறும் சாக்குமாக வந்து இறங்கினான். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாமா என்றான். மதியச் சாப்பாட்டுக்குள் ஜெர்மன் தத்துவம் மொத்தமும் ஹாலுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து அழைப்பு மணி அடித்தால் கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் பேராசிரியர்தான். தையல் வகுப்பில் சேர வந்த பெண்கள் அவரிடம் பெயர் கொடுத்தார்கள். செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார்கள். ஒருத்தி தன் குழந்தையை அவர் மேஜைமேல் உட்காரவைத்து, "அஞ்சே நிமிஷம் பாத்துக்கங்க சார்" என்று உள்ளே போனாள். உரை ஒரு வரிகூட நகரவில்லை.

இருந்தாலும் படித்த மனம் லேசில் தோற்பதில்லை. குழந்தையின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கும்போது அவருக்குப் பளிச்சென்று ஒன்று உறைத்தது. அவள் மறுக்கவே இல்லை. மறுப்பே இல்லாமல் ஒரு முடிவு பிறந்துவிட்டது. அப்படியானால் மூன்று படி வெறும் கட்டுக்கதை என்று தான் எழுதிய கட்டுரை சரி, வீட்டிலேயே நிரூபணமாகிவிட்டது. அறை போனால் போகட்டும், கொள்கை ஜெயித்தது. நாள் முழுக்க அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். மனைவியிடம்கூடச் சொன்னார். அவளும் ரொம்ப சந்தோஷம் என்றாள்.

மறுநாள் காலையில் தச்சர் துணி வெட்டுவதற்கான நீளமான மேஜை ஒன்றை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பேராசிரியர்தான் கதவைத் திறந்தார். மேஜை பின்னறைக்குள் போனது. சுவருக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே, ஒரு விரல்கூட மிச்சமில்லாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. பேராசிரியர் அசந்துபோனார்.

"எப்ப அளவெடுத்தீங்க?"

"போன மாசமே எடுத்தாச்சு சார்."

"போன மாசம் முழுக்க இந்த ரூம்ல நான்தானே இருந்தேன்?"

"ஆமா சார்," என்றார் தச்சர். "கொஞ்சம் காலைத் தூக்கிக்கங்கன்னு சொன்னேன். படிச்சுக்கிட்டே தூக்கிக்கிட்டீங்க."