மைக்கில் வாசித்த மொய்

வேப்பந்தட்டை

அன்பு மாப்பிள்ளை சுரேஷ்குமாருக்கு, உன் அக்காள் புருஷன் சின்னதுரை எழுதிக்கொண்டது. இங்கே நான், சம்பூர்ணம், பிள்ளை கீதாஞ்சலி, சினைமாடு உட்பட எல்லோரும் சுகம். அங்கே உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உன் அக்காள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

பிள்ளை காதுகுத்துக்கு நீ வைத்த ஆன்லைன் கடை கிஃப்ட் கார்டைப் பற்றித்தான் விஷயம். மற்றவர்கள் மொய்யெல்லாம் மைக்கில் ஒரே வரியில் முடிந்தது. உன் கார்டு வந்ததும் மொய் வாசித்த அழகேசன் தொகையைத் தேடி வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, உள்ளே இருந்த பதினாறு இலக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தான். பந்தியில் இருந்தவர்கள்கூடச் சாப்பிடுவதை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு ரொம்பப் பெருமை.

பிள்ளை காதில் இன்னும் ஆசாரி போட்ட கம்பிதான் கிடக்கிறது. கம்மல் போட்டுப் பார்க்க ஆசை. ஆனால் உரசிப் பார்க்காமல் ஆன்லைனில் தங்கம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் உன் அக்காளுக்குத் தெரியாமல் கார்டை ஒரு இணையதளத்தில் விற்றேன், அரியலூர் ராஜவேல் என்பவன் வாங்கினான், பணமும் வந்தது, பெரம்பலூர் நகைக்கடைக்குப் போகச் சட்டைகூட இஸ்திரி போட்டுவிட்டேன், அதற்குள் கார்டில் ஒரு பைசா இல்லையென்று அவன் பேங்கில் புகார் கொடுக்க, வந்த பணம் வந்த வழியே போய்விட்டது. இணையதளத்துக்குப் போன் போட்டால் ஒரு பெண், "நம்பர் வேற யாருக்காவது தெரியுமா சார்?" என்கிறாள்.

"யாருக்கும்மா தெரியும்? கார்டு என் பீரோவுலதான் இருந்துச்சு."

"அப்படின்னா ஆதாரம் அனுப்புங்க சார்."

ராஜவேலைக் கூப்பிட்டால், "ஏங்க, காலி கார்ட வித்துட்டு என்னையே கேக்குறீங்களா?" என்று ஏறுகிறான். "நீயே செலவு பண்ணிட்டு கதை வுடாத" என்று நானும் விடவில்லை.

ஆனாலும் நம்பிக்கை இருக்கிறது மாப்பிள்ளை. காதுகுத்து வீடியோவையே ஆதாரமாக அனுப்பப் போகிறேன். அழகேசன் வாசித்தது அதில் கணீரென்று கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ வந்துவிடு. இரண்டு பேரும் அரியலூர் போய் அவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். பிள்ளைக்குக் கம்மல் போடாமல் நான் ஓயமாட்டேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் என் கும்பிடு. குலதெய்வம் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னதுரை

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது பார்சல்காரர் வந்தார். பிரித்தால் கம்மல். "தம்பி குடுத்த கார்டுல அன்னைக்கே வாங்கிட்டேன். நம்பரத்தான் மைக்குல ரெண்டு வாட்டி சொன்னாங்களே, கையில எழுதிக்கிட்டேன். உங்ககிட்ட சொன்னா உரசிப் பாக்கணும்பீங்க" என்கிறாள் உன் அக்காள். பிள்ளை கம்மலைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை விட்டு நகரமாட்டேன் என்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெட்கமும் தாங்கவில்லை. ராஜவேல் நல்ல மனுஷர். அவர் பணம் அவருக்கே திரும்பிப் போனது நல்லதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அரியலூர் போவதில் மாற்றமில்லை. அவருக்குக் கொடுக்கச் சின்ன வெங்காயம் ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். மூட்டையை நான் தூக்கிக்கொள்கிறேன், மன்னிப்பை நீ கேள்.