சம்பந்தியின் டைனோசர் நகம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நானும் என் மனைவியும் சௌக்கியம். நீங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியம் என்று மகள் போனில் சொன்னாள். கூடவே, "அப்பா, அந்த நகத்தை எப்போ திருப்பித் தருவீங்கன்னு மாமா தினமும் கேக்கறார்" என்றாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படிக்கவும்.

உங்களிடம் உள்ள பதினேழு டைனோசர் நகங்களில் ஆகப் பெரியதை, ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்தோரு வருஷம் பொய்ப்பல் செய்த கை சும்மா இருக்குமா? இவ்வளவு வளைவு எதற்கு, குத்தவா கிழிக்கவா, பக்கத்தில் ஓடும் இந்தப் பள்ளம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, சாயமும் ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு பல்செட்டின் அடியிலும் ஒரு எண்ணைக் கீறி வைப்பது என் வழக்கம். அன்றைக்கு மட்டும், இவ்வளவு அழகான பொருளைக் கீறுவானேன் என்று விட்டுவிட்டேன். இரண்டையும் அருகருகே வைத்து ரசித்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி மேஜையைத் துடைத்து முடித்திருந்தாள்.

"இதுல எது இடது பக்கம் இருந்தது?"

"எனக்கென்ன தெரியும்? ரெண்டும் ஒரே பூதத்தோட நகந்தானே?"

நீங்கள் சொல்லிக்கொடுத்த சோதனைகளைச் செய்தேன். பிளாஸ்டிக் போலி என்றால் உருகும் என்றீர்களே, பழுக்கக் காய்ச்சிய ஊசி வைத்தேன், இரண்டும் உருகவில்லை. அசல் என்றால் நாக்கில் ஒட்டும் என்றீர்கள், இரண்டும் ஒட்டின. பிளாஸ்டரும் ஒட்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. அத்தனை வருஷம் அதில் வேலை பார்த்த நானும் அதை நக்கிப் பார்த்ததில்லை. நாக்கில் நகத்தோடு நான் நிற்கும்போது என் மனைவி எட்டிப் பார்த்து, "காபி போடட்டுமா, இல்ல அதுவே போதுமா?" என்றாள்.

சம்பந்தி, உண்மையாகவே பயந்துவிட்டேன். ஏழு கோடி வருஷம் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, என் வீட்டில் மூன்று நாள் தாங்கவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் எந்த முகத்தோடு வந்து நிற்பேன்? அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. என் நகம் எடை குறைவாக இருந்ததால் உள்ளே ஒரு ஈயத்துண்டு வைத்திருந்தேன். எக்ஸ்ரேயில் ஈயம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நான் வேலை பார்த்த பல் டாக்டரிடம் காலையிலேயே இரண்டையும் கொடுத்துவிட்டேன். வெள்ளை தெரிந்தால் என்னுடையது, தெரியாவிட்டால் உங்களுடையது. கவலையே வேண்டாம், அசல் உங்கள் கைக்கு வந்து சேரும்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: படம் வந்துவிட்டது. இரண்டிலும் ஈயம் இருக்கிறது. ஒன்றில் நான் வைத்த ஒரே துண்டு, மற்றதில் இரண்டு. ஆகவே இரண்டு உள்ளதுதான் உங்களுடையது, சந்தேகமே இல்லை. இதோடு அனுப்பியிருக்கிறேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அதை விற்றவரின் முகவரி இருந்தால் எழுதுங்கள். சண்டை போட இல்லை. நுனியில், அவ்வளவு மெல்லிய இடத்தில், விரிசல் விடாமல் எப்படி ஈயம் வைத்தார் என்று கேட்க வேண்டும். மீதிப் பதினாறையும் படம் எடுத்துப் பார்க்கலாமே என்று டாக்டர் ஆசைப்பட்டார். எனக்கும் ஆசைதான். மகள் உங்கள் வீட்டில் வாழ்கிறாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.