காயில் மாமு கட்டிய ஸ்பீக்கர் பெட்டி

உலகத்தில் இதுவரை செய்யப்பட்ட ஸ்பீக்கர்கள் எல்லாமே தப்பு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் காசிமேட்டுக் காயில் மாமுதான். ஜப்பான்காரன் தப்பு, ஜெர்மன்காரன் தப்பு, அமெரிக்காக்காரன் கொஞ்சம் கிட்டே வந்து தப்பு. சரியாகச் செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் உண்டு. அவர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், ஐஸ் உடைக்கிற மெஷின்களுக்கு நடுவே, ஒரு தகரக் கொட்டகையில் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருக்கிறார். இதையும் மாமுவேதான் சொல்வார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் நான் குடியிருப்பது அவர் வீட்டு மாடியில். துறைமுகத்தில் கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் கிளியரிங் வாங்கித் தருகிற ஒரு ஆபீஸில் எனக்கு வேலை. யாராவது வீட்டு ஓனர் பெயரைக் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். தபால்காரரே 'காயில் மாமு வூடு' என்றுதான் விசாரிப்பார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகின கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவர் தொழில். மிச்சமாகிற கம்பியில்தான் சங்கீதம்.

நான் குடிவந்த புதிதில், வாளியோடு தண்ணீர் பிடிக்கக் கீழே போனவனை நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"இத்த பாரு நைனா. பாட்டு ஒரே ஒயர்ல வருது. அதுல குண்டு சத்தமும் கீது, ஒல்லி சத்தமும் கீது. பெரிய ஸ்பீக்கரு ஊஃபரு, குண்டு சத்தத்துக்கு. சின்னது ட்வீட்டரு, ஒல்லி சத்தத்துக்கு. யாருக்கு இன்னா போவணும்னு நடுவுல ஒருத்தன் குந்திகினு பிரிச்சி வுடணும்ல? அவன்தான் கிராஸ்ஓவரு. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கறா மாதிரி."

"எப்படிப் பிரிக்கும் மாமு?"

"காயிலு குண்டு சத்தத்த உள்ள வுடும். கண்டன்சரு ஒல்லி சத்தத்த உள்ள வுடும். நான் பொறந்ததே காயிலு சுத்தத்தான். வேற எவன் செய்வான் சொல்லு?"

வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் தெருவுக்கு ஓடியது. அவர் கவனிக்கவில்லை.

பெட்டி செய்யப் படகு கட்டுகிற இடத்தில் மிஞ்சிய பிளைவுட் துண்டுகள். உள்ளே அடைக்கத் தலையணைப் பஞ்சு. அது யார் தலையணை என்பதில்தான் வீட்டில் தகராறு. மாமு ஒவ்வொரு புதுப் பெட்டி கட்டும்போதும் அவர் மனைவி தனம் அக்காவின் தலையணை ஒரு சுற்று இளைக்கும். "தலகாணில தல வச்சா தரை இடிக்குதுய்யா!" என்று அக்கா கத்துவது என் மாடிக்குத் தெளிவாகக் கேட்கும்.

அக்காவின் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவர் கூவினால் படகில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஊரில் எல்லாரும் ஸ்பீக்கரைப் பாட்டுப் போட்டுச் சோதிப்பார்கள். மாமு, அக்கா வியாபாரம் செய்கிற குரலை மொபைலில் பதிவு செய்து வைத்து, அதைப் போட்டுச் சோதிப்பார். 'வஞ்சிரம் வஞ்சிரம்! கண்ண பாரு, செவுள பாரு, உட்டுட்டுப் போனா வூட்ல சண்ட!'

"பாடறவன எவன் நேர்ல கேட்டான்? இவள நான் தெனம் கேக்கறேன். ஒரு இம்மி தப்பு வந்தாலும் மாட்டிக்கும்" என்பார். நியாயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் தெருவுக்குத் திண்டாட்டம். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மீன் வாங்கக் கூடையோடு வந்து, சாத்திய கதவுக்கு வெளியே நெடுநேரம் நின்று, ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்.

பெட்டியில் இரண்டு கோளாறு. முதலாவது, ட்வீட்டர் ஊசியாகக் குத்தும். பல் கூசும். நான் வளர்த்த பூனை வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டது. மாமுவோ, "பாட்டுல சலங்க சத்தம் இன்னும் பத்தல" என்று கண்டன்சரை மாற்றி மாற்றி ட்வீட்டருக்கு மேலும் மேலும் ஊட்டுவார். இரண்டாவது, அக்காவின் குரலில் அடி இருக்கும், நுனி இருக்கும், நடுவில் ஆளையே காணோம்.

இந்த இரண்டாவது கோளாறுக்கு எங்கேயோ படித்துவிட்டு மருந்து சொன்னேன். மாமு கட்டியிருக்கும் வகைக் கிராஸ்ஓவரில், ஊஃபரும் ட்வீட்டரும் சந்திக்கிற இடத்தில் ஒன்று முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும். ட்வீட்டரின் பிளஸ் மைனஸ் ஒயர்களை மாற்றி மாட்டினால் இரண்டும் சேர்ந்து தள்ளும், பள்ளம் மறைந்துவிடும். இதைச் சொன்னதும் மாமு எழுந்தே நின்றுவிட்டார்.

"பிளஸ்ஸ மைனஸ்ல மாட்டறதா? தெரிஞ்சிதான் பேசறியா? ஐஸ் மெஷின் மோட்டார்ல ஒருவாட்டி ஒயர மாத்திக் குடுத்துட்டேன் நைனா. மெஷினு ரிவர்ஸ்ல ஓடி, போட்ட ஐஸ் கட்டி திரும்பி வந்து என் மச்சான் கால்ல வுயுந்துச்சி. ஒயரு மாறுனா ஓட்டம் மாறும். பாட்டு பின்னாலேருந்து பாடும், பரவால்லியா?"

மோட்டார்க்காரரிடம் ஸ்பீக்கர் நியாயம் எடுபடுமா? மாடிக்குத் திரும்பிவிட்டேன்.

இப்படியே போயிருக்கும். ஆடி மாதம் வந்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்றைக்கு வாடகை மைக்செட் வேண்டாம், என் பெட்டி பாடும் என்று மாமு அறிவித்தார். கோயில் தலைவர் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"மாமு, உன் பெட்டி போட்டா அம்மனே எழுந்து பூடும்."

"அன்னிக்குக் கோயில்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன் காத பொத்தட்டும். அதுக்கப்பால நான் ஸ்பீக்கரயே தொடமாட்டேன். அம்மன் மேல சத்தியம்."

காசிமேட்டில் அம்மன் மேல் செய்த சத்தியத்துக்கு அப்பீல் கிடையாது. மாமுவின் உயிர் மூச்சே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று தெரிந்த எனக்குத்தான் பயம்.

கூழுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சோதனை. என் மொபைலில் ஒரு ஆப் உண்டு. கப்பல் சங்கு மாதிரி அடித்தொண்டையில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல உயர்ந்து விசிலாகி, அதற்கும் மேலே போகும் ஒரே சத்தம். அதைப் பெட்டியில் கொடுத்தேன். மாமு கண்ணை மூடி ரசித்தார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். சத்தம் ஏறியது. விசில் ஆனது.

"இன்னா நைனா, நிறுத்திட்ட?"

நான் நிறுத்தவில்லை. விசில் என் மண்டையைத் துளைத்துக்கொண்டிருந்தது. அக்கா செதில் ஒட்டிய கைகளால் இரண்டு காதையும் பொத்தியிருந்தார்.

"ட்வீட்டரு பூட்ச்சி" என்று மாமு அதைக் கழற்றி வேறொன்று மாட்டினார். மறுபடி ஏற்றினேன். அதே இடத்தில், "இதுவும் பூட்ச்சி." மூன்றாவதாக டப்பா பிரிக்காத புது ட்வீட்டர். அதுவும் அவருக்கு அதே இடத்தில் செத்தது.

அக்கா காதிலிருந்து கையை எடுத்தார். "யோவ். அது நல்லாத்தான் கீது. உனக்குத்தான்யா கேக்கல."

மாமு மூன்றாவது ட்வீட்டரையும் கழற்றி, அதன் டப்பாவிலேயே திரும்ப வைத்தார். டீசல் இன்ஜினுக்கும் ஐஸ் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்தே கழிந்த வாழ்க்கை. அவை இரண்டும் சேர்ந்து அவர் காதில் ஒல்லி சத்தம் குடியிருந்த மேல்மாடியைக் காலி செய்திருந்தன. "சலங்க கேக்கலியேன்னுதான் ஏத்திகினே கெடந்தேன்" என்றார், தரையைப் பார்த்து.

மறுநாளே அக்கா அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். போன சத்தம் திரும்பாது, இருக்கிறதுக்கு இதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒரு சின்ன மெஷின் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமு செய்த முதல் வேலை அதைப் பிரித்தது.

"இதுல கிராஸ்ஓவரே இல்ல நைனா! எல்லாத்தையும் ஒண்ணா ஏத்தி வுடறான்!" என்று குற்றம் கண்டுபிடித்தார். திரும்ப மூடிய பிறகு அது வேலை செய்யவில்லை. அக்கா அன்றைக்குத் திட்டியதை நல்லவேளையாக யாரும் பதிவு செய்யவில்லை.

ஆனால் பெட்டியை அவர் தொடவில்லை. தலைவரிடம் வாடகை செட்டே சொல்லிவிடச் சொல் என்று என்னிடம் சொன்னார். அதைக் கேட்டதும்தான் அக்கா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உன் காது போனா இன்னா இப்போ? என் காது கீதுல்ல. நீ மாட்டு, நான் சொல்றேன். என் கொரல போடு."

போட்டார். அக்கா முகத்தைச் சுளித்தார். "கலீஜ். ஐஸ்ல கெடந்து வெறச்ச மீனு மாதிரி கீது. குத்துது. கொற."

மாமு முணுமுணுத்துக்கொண்டே ட்வீட்டருக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் வைத்து அதன் கொட்டத்தை அடக்கினார். "இன்னும் கொற" என்றார் அக்கா. இன்னும் குறைத்தார்.

"இப்ப குத்தல. ஆனா நடுவுல நான் எங்க? 'கண்ண பாரு'ன்னு சொல்றேன், அது பள்ளத்துல வுயுது."

மாமு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் நீண்ட மூச்சு விட்டு, காலைப் பத்திரமாக மடக்கி வைத்துக்கொண்டு, ட்வீட்டர் ஒயரை மாற்றி மாட்டினார்.

"தோ! வந்துட்டேன்யா! நானே நிக்கறா மாதிரி கீது!" அக்கா கூடையை விட்டு எழுந்துவிட்டார். அந்த நடுக்குரல் மாமுவின் காதுக்கும் எட்டுகிற உயரம்தான். அவர் முகம் விரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல நைனா, ட்வீட்டர திருப்பணும்னு?"

ஆமாம் மாமு என்றேன். வேறென்ன சொல்வது?

கூழ் ஊற்றுகிற அன்று பெட்டி பாடியது. யாரும் காதைப் பொத்தவில்லை. கைக்குழந்தை ஒன்று பெட்டிக்குப் பக்கத்திலேயே தூங்கியது. தலைவர் சொம்பும் கையுமாக வந்து, "சோக்கா கீது மாமு" என்றார். மாமு பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. கூழ் அண்டாவுக்கு எதிரில் நின்று அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தலையாட்டினால் அவரும் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டுவார்.

போன மாதம் எனக்கும் ஒரு ஜோடிப் பெட்டி கட்டிக் கொடுத்தார். என் தலையணைப் பஞ்சுதான். மாட்டி முடித்துவிட்டு என் அறைத் தரையில் சம்மணம் போட்டுக் குந்தினார்.

"சலங்க கேக்குதா நைனா?"

"கேட்குது மாமு."

"எப்டி கீது? சொல்லு."

சொன்னேன். சின்னதாக, தனித்தனியாக, கிளிஞ்சலைத் தரையில் கொட்டுகிற மாதிரி இருக்கிறது என்றேன். அவர் கண்ணை மூடி முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்டித்தான் கட்னேன்" என்றார்.

அதற்குப் பிறகு தனியாகப் பாட்டுக் கேட்க எனக்கு மனசு வருவதில்லை. பெட்டியைப் போட்டதும் மாடிப்படியில் வந்து நின்று, "மாமு, மேல வாங்க, சலங்கை வரப்போவுது" என்று கூப்பிட்டுவிடுகிறேன்.