கங்காணி தோணி ஒரு முழம் முன்னால்

ஒவ்வொரு தோட்டமும் சொந்த முயற்சியில் ஒரு கப்பல் கட்டி, மாட்சிமை தங்கிய ஜப்பானியப் பேரரசுக்குக் காணிக்கையாக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மலாயாவில், கெடாவின் தெற்கே ஆற்றோரமாக இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் கப்பலைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. பாதிப்பேர் கப்பலேறி வந்தவர்கள்தான். ஆனால் அடித்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்ததால், கப்பல் வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்பதை ஒருவரும் சரியாகக் கவனித்திருக்கவில்லை.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மனோகரன் மட்டும் கலங்கவில்லை. வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் அவர் பைப் பிடித்தார், முட்டைக்கோசை வேகவைத்து உப்பில்லாமல் தின்றார். துரை ஓடிய மறுவாரமே மொட்டை அடித்துக்கொண்டு, விடிந்ததும் கிழக்கே பார்த்து இடுப்பை வளைக்க ஆரம்பித்துவிட்டார். தோட்டத்துக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார். இருட்டில் பால்மரப் பட்டையை வெட்டிப் பால் இறக்க முடியவில்லை என்று சொன்னவர்களிடம், சூரியன்தான் இன்னும் புது அரசாங்கத்துக்குப் பழகவில்லை என்று விளக்கம் சொன்னார்.

அவர் அம்மாசியைக் கூப்பிட்டனுப்பினார். அம்மாசி பால்மரம் வெட்டுகிறவன். சொந்தமாக ஒரு தோணி வைத்திருந்தான், மீன் பிடிக்கப் போய் அதை இரண்டு தடவை கவிழ்த்தும் இருந்தான்.

"உன் தோணியையும் கங்காணியார் தோணியையும் சேர்த்துக் கட்டுறோம். ரெண்டு தோணி சேந்தா ஒரு கப்பல்" என்றார் கிராணி.

"ரெண்டு ஆடு சேந்தா மாடு ஆயிடுமாங்கய்யா?"

"வாய அடக்கு. சயாமுக்குப் போற ஆளுங்க பேரு வாசிச்சேனே, கேட்டியா? அதுல உன் பேரும் இருக்கு. கப்பல் ஓடுச்சுன்னா நீதான் மாலுமி. மாலுமிய ரயில் ரோட்டு வேலைக்கு அனுப்ப மாட்டாங்க."

அம்மாசி உடனே தோணியை ஒப்புக்கொடுத்தான். சயாமில் ரயில் பாதை போடப் போன ஒருவரும் திரும்பவில்லை, ஒரு சேதியும் இல்லை. அங்கே வசதி அதிகம், அதனால் வீட்டு நினைப்பே வருவதில்லை என்று கிராணி சொல்லியிருந்தார். அம்மாசியின் பெண்சாதி சிகப்பிக்கு அது நிறைமாதம். அவனுக்கு அந்த வசதியெல்லாம் வேண்டாம், வீடு போதும் என்றிருந்தது.

மூங்கிலும் பிரம்பும் வெட்டி வந்தார்கள். இரண்டு தோணிகளின் மூக்கையும் சமமாக நிறுத்தி அம்மாசி கட்டப்போனபோது, கூலிகளை மேய்க்கும் கங்காணி பக்கிரிசாமி தடுத்தார்.

"என்னடா இது?"

"ரெண்டு மூக்கும் ஒண்ணா இருந்தாத்தான் நேரா போகும் கங்காணியாரே."

"என் தோணியும் உன் தோணியும் ஒண்ணா? நாளைக்கு நீயும் நானும் ஒரே பாயில உக்காருவமாடா?"

விவகாரம் கிராணியிடம் போனது. அவர் நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "கங்காணியார் சொல்றது நியாயம். ஜப்பான்காரன் வந்தாலும் தோட்டத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்குல்ல. கங்காணி தோணி ஒரு முழம் முன்னால இருக்கட்டும். நடுவுல பலகை போட்டு என் நாற்காலிய வைங்க. அது ரெண்டுக்கும் மேல இருக்கணும்."

அப்படியே கட்டினார்கள். ஒரு தோணியை முன்னால் இழுத்ததில் மூங்கில்கள் கோணிக்கொண்டன. இரண்டு மூக்கும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. மரியாதை மட்டும் எந்தப் பக்கமும் குறையவில்லை.

கப்பலைப் பார்க்க ஜப்பானிய அதிகாரி வந்தார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, கிராணியை நாற்காலியில் ஏற்றித் தள்ளினார்கள். அம்மாசி பின்னாலிருந்து துடுப்புப் போட்டான். கப்பல் ஆற்றின் நடுவுக்குப் போய், அங்கேயே வட்டமடித்தது.

"அபா இனி?" என்று கரையிலிருந்து அதிகாரி தமக்குத் தெரிந்த மலாயில் அதட்டினார். என்ன இது என்று அர்த்தம்.

கிராணி நாற்காலியிலிருந்தே வளைந்து கும்பிட்டார். "துவான், இது சாதாரணக் கப்பல் இல்ல. சக்கரவர்த்தி இருக்கிற கிழக்குப் பக்கம் திரும்பித் திரும்பி மரியாதை செய்யுது."

அதிகாரி திடுக்கிட்டார். கப்பலே மரியாதை செய்யும்போது மனிதர் சும்மா நிற்கலாமா? கப்பல் கிழக்கே திரும்பும்போதெல்லாம் அவரும் கைகளை ஒட்டிவைத்து இடுப்பை வளைத்தார். அவர் வளைந்ததால் கரையில் இருந்த அத்தனை பேரும் வளைந்தார்கள். ஏழெட்டுச் சுற்று முடிந்ததும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பாகுஸ், சூடா" என்றார். நல்லது, போதும் என்பதை அவர் சொன்ன விதத்தில் போதும் என்பதே அதிகம் இருந்தது.

கப்பலுக்கு முதல் ராஜாங்கப் பணியும் அங்கேயே நிச்சயமானது. வெள்ளைக்காரன் ஓடும்போது பாலத்தை உடைத்துவிட்டுப் போனதால், சயாமுக்குப் போகிறவர்களை அக்கரை ரயிலடிக்குக் கொண்டுசேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. இனி அவர்கள் கப்பலில் போகலாம்.

குறித்த நாளில் ஆட்களை ஏற்றினார்கள். கரையெல்லாம் அழுகை. முதல் ஓட்டத்தில் சுற்றியதில் தலைசுற்றல் கண்டிருந்த கிராணி, கங்காணியையும் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு ஒரு மலாய்க்காரரின் சம்பான் படகில் முன்னாலேயே அக்கரை போய், கப்பலை வரவேற்க மாலையோடு நின்றார்.

கப்பல் கிழக்கே மரியாதை செய்தது. பிறகு மேற்கே, வடக்கே, மறுபடியும் கிழக்கே. உள்ளே இருந்தவர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு புரிந்துகொண்டு இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார்கள். ரயில் ஊதியது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். ஆள் குறைந்தால் அவர் தலை போகும். பக்கத்தில் மாலையோடு நின்ற இருவரையும் பார்த்தார்.

"துவான், நான் கிராணி" என்றார் மனோகரன்.

"நான் கங்காணிங்க" என்றார் பக்கிரிசாமி.

அந்த ரயிலில் அதற்கெல்லாம் தனிப்பெட்டி இல்லை. இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் ஏற்றினார்கள்.

கப்பல் ஏற்றிய ஆட்களோடு இக்கரைக்கே திரும்பியது. அன்று கூலிகள் குடியிருந்த லயத்துக்கு லயம் கொண்டாட்டமாக மரவள்ளிக்கிழங்கு அவிந்தது. சிகப்பி மட்டும் புருஷனைத் தனியாக இழுத்துச் சொன்னாள்: "இந்தாங்க, அந்தக் கோணலாலதான் நீங்க உசுரோட நிக்கிறீங்க. அதுல கை வைக்காதீங்க, ஆமா."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றான் அம்மாசி.

ஆனால் அக்கரைத் தோட்டத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உப்பு வாங்கப் போன இடத்தில் அம்மாசியைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்னண்ணே, அது கப்பலா செக்கா? சுத்தினதுல எண்ண வந்துச்சா?"

அவனால் சாப்பிட முடியவில்லை. மற்றவர்களும் அதே சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். சயாமைப் பற்றி யாரும் பேசவில்லை. தோட்டத்து மானத்தைப் பற்றியே பேசினார்கள்.

"இப்பத்தான் கங்காணி இல்லையே, சமமாக் கட்டிறலாம்லா" என்றான் ஒருவன்.

சிகப்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கே வந்தாள். "மானம் போனா மானம்தான் போவும். கப்பல் நேரா போனா நீங்க போவீங்க. இதுகூடவா புரியல?"

"பொம்பளைக்கு என்ன தெரியும் கப்பலப் பத்தி" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அம்மாசியும் சேர்ந்துதான் சொன்னான்.

மறுநாளே பிரம்பை அவிழ்த்தார்கள். இரண்டு மூக்கையும் ஒரே வரிசையில் நிறுத்தி இறுக்கிக் கட்டினார்கள். நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். அந்தத் தோட்டத்தில் இரண்டு பொருள்கள் சமமாக நின்றது அதுவே முதல் தடவை. தள்ளிவிட்டதும் கப்பல் கோடு கிழித்ததுபோல் அக்கரைக்குப் போனது. அம்மாசிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அக்கரையில் அதிகாரி நின்றிருந்தார். இந்தத் தடவை அவர் வளைய வேண்டியிருக்கவில்லை. கப்பலை முன்னும் பின்னும் பார்த்து, "பாகுஸ்" என்றார். அடுத்த வாரம் ரயில் ஊதுவதற்கு வெகுநேரம் முன்பே ஆட்கள் அத்தனை பேரும் ரயிலடியில் இறங்கினார்கள். மாலுமியையும் ஏறச் சொன்னார் அதிகாரி. சயாமிலும் ஆறு இருக்கிறதாம், இப்படி நேராகப் படகு விடுகிற ஆள் அங்கே அவசியம் வேண்டுமாம். சிகப்பி இக்கரையில் வலி எடுத்துக் கிடந்தாள், அவளுக்கு அவன் கையைக்கூடக் காட்ட முடியவில்லை.

அக்கரைத் தோட்டத்துக்காரர்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஆளில்லாமல் நின்ற கப்பலைச் சுற்றிக் குந்தி, பிரம்பு கட்டியிருந்த விதத்தை ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் இதேபோல் ஒரு கப்பல் வேண்டுமாம். ரயிலடி இருந்ததே அவர்கள் தோட்டத்து வாசலில்தான்.