அத்தானின் காரும் மூன்று விரல் இடமும்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

பாலராமபுரத்திலிருந்து மைத்துனன் சத்தியதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் ராகேலும் மகள் ரெஷ்மாவும் மருமகன் ஷிஜுவும் சுகம். மஸ்கட்டில் மகன் வீட்டில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னிடம் நீங்கள் விட்டுப்போன காரும் சுகம். காரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். இதைப் போனில் சொல்லாமல், நாளை அங்கே விமானம் ஏறும் பக்கத்து வீட்டு பிஜு கையில் கடிதமாகக் கொடுத்தனுப்பக் காரணம், படித்து முடிக்கும்வரை உங்களால் என்னைத் திட்ட முடியாது என்பதே.

நடந்தது இதுதான். ஓண விடுமுறையில் பொன்முடி போகலாம் என்றாள் ராகேல். "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வை, வேற ஒண்ணும் செய்யாத" என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. ஸ்டார்ட் செய்த வண்டி கொஞ்சம் நகர்ந்தால் தப்பில்லை என்று எண்ணிவிட்டேன். கல்லாறு தாண்டி இரண்டாவது வளைவில் வண்டி இருமியது, மூன்றாவது வளைவில் நின்றேவிட்டது. ஷிஜு ஸ்டியரிங்கைப் பிடிக்க, நானும் ராகேலும் ரெஷ்மாவும் இறங்கித் தள்ளினோம். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். "அத்தானுக்க காருக்கு வயசாயிப் போச்சு" என்றாள் ராகேல். விழிஞ்ஞத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஷிஜு ஒத்துக்கொள்ளவில்லை. "வயசு இல்ல மாமி, சுவாசம் முட்டுது. ஒரு டர்போ வெச்சா குதிரை மாதிரி ஏறும்" என்றான். டர்போ என்பது எஞ்சின் விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் சாமான். பார்க்கப் பெரிய நத்தை ஓடு போல இருக்கும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தள்ளிய இரைப்பில் வார்த்தை வரவில்லை. மருமகன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை நான் ஒர்க்‌ஷாப்பில் போய்ப் பார்த்தபோது உங்கள் காரின் முன்பக்கம் தரையில் பரந்து கிடந்தது. டர்போவை எஞ்சினோடு பொருத்தியாயிற்று. அதிலிருந்து எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய் மட்டும் பாக்கி, இரண்டு முழம் தூரம். குழாய்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருடம் குடிநீர்க் குழாய் போட்டவன், இந்தத் திருவனந்தபுரத்தில் நான் இறங்காத குழி இல்லை. ஆனால் அத்தான், ரோட்டில் இடம் போதாவிட்டால் தோண்டலாம், காருக்குள் எதைத் தோண்டுவது? ரேடியேட்டர் விசிறிக்கும் எஞ்சினுக்கும் நடுவே மூன்று விரல் இடம், குழாயோ நாலு விரல் கனம். முதல் குழாய் பாட்டரியில் இடித்தது, பாட்டரியைத் தூக்கி டிக்கியில் வைத்தோம். இரண்டாவது குழாயை மேலே வளைத்தோம், ராஜா மாதிரி உட்கார்ந்தது, பானெட் மூடவில்லை. பானெட்டில் ஒரு ஓட்டை போடலாமா என்று ஷிஜு கேட்டான். உங்கள் முகம் நினைவுக்கு வந்து நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது குழாயைத் தட்டிச் சப்பையாக்கி இடுக்கில் நுழைத்தோம். சும்மா நிற்கும்போது ஒரு நூல் இடைவெளி இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் குலுங்கி, குழாய் விசிறியில் பட்டு, செண்டைமேளம் கேட்டது. பக்கத்து மீன்கடைக்காரர் "எந்தா அண்ணா, உற்சவமோ?" என்று எட்டிப் பார்த்தார். விசிறியில் ஓர் இதழைக் காணோம். பிறகு அவருடைய நெத்திலிக் கூடையில் கிடைத்தது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவல் குடையின் கம்பியை வளைத்துத் தந்ததற்கு எட்டு மாதம் என்னோடு பேசாதிருந்தவர் நீங்கள். குடைக்கு எட்டு மாதமென்றால் காருக்கு என் ஆயுள் போதாதே! நடுவில் கிடந்து அழப்போவது அக்கா அல்லவா? "எல்லாத்தையும் களைஞ்சிட்டுப் பழையபடி ஆக்கு மக்கா" என்று ஷிஜுவிடம் கெஞ்சினேன். "பழைய பைப்ப இரும்புக்காரன் கொண்டு போயாச்சு மாமா" என்றான்.

அப்போதுதான் ராகேல் சோற்றுப் பொதியோடு வந்தாள். சோற்றை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இந்த நத்தைக்க வாய் என்னத்துக்கு மேல பாத்து இருக்கு?"

"அது அப்பிடித்தான் இருக்கும், நீ போ."

"ஆரு சொன்னா? அத இங்கோட்டுத் திருப்பி வெச்சா என்ன?"

ஷிஜு ஸ்பானரோடு குனிந்து நத்தையைச் சுற்றித் தடவிப் பார்த்தான். "மாமா, சுத்திலும் போல்ட்டுதான் இருக்கு, எங்கோட்டும் திருப்பலாம்!" என்றான். ஆறு போல்ட்டைத் தளர்த்தி, அந்த நத்தை ஓட்டைக் கால் சுற்றுத் திருப்பினான். வாய் கீழே பார்த்தது. அங்கே, எஞ்சினுக்கு அடியில், ஒரு கை தாராளமாக நுழையும் இடம் யாரும் தேடாமல் சும்மா கிடந்தது. பாதி நீளக் குழாயே போதுமாயிற்று. எஞ்சின் குலுங்கினாலும் குழாய் இடிக்காமலிருக்க நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டு கொடுத்தது நான்தான். இதை அக்காவிடம் மறக்காமல் சொல்லவும். ராகேல் தன் பங்கை இன்னும் வெளியே சொல்லவில்லை. சபையில் எல்லாரையும் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

புது விசிறி போட்டு, பாட்டரியைப் பழைய இடத்தில் வைத்து, பானெட்டை இறக்கினோம். 'டப்' என்று மூடியது. அத்தான், என் மகள் கல்யாணத்தில்கூட நான் அப்படி அழவில்லை. நேற்று நாலு பேருமாக மறுபடி பொன்முடி ஏறினோம். இருமல் இல்லை, புகை இல்லை. கல்லாறு தாண்டியதும் எல்லா வளைவும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போயிற்று. உச்சியில் இறங்கிப் பனியில் நின்று கட்டன்சாயா குடித்தோம். நாலு வாரத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நாக்கில் ருசி தெரிந்தது. வண்டி வெளிப்பார்வைக்கு நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. உள்ளே கொஞ்சம் நன்றாக இருக்கிறது, அதை மட்டும் மன்னிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் குடும்பத்தையும், குறிப்பாக உங்கள் பிரஷரையும், காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
மனம் லேசான மைத்துனன்,
சத்தியதாஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அக்கா போன் செய்தாள். ஜனவரியில் இங்கே நடக்கும் பழைய கார் கண்காட்சியில், 'கம்பெனியிலிருந்து வந்த நாள் முதல் ஓர் ஆணிகூட மாறாத வண்டிகள்' பிரிவுக்கு நீங்கள் பேர் கொடுத்திருப்பதாகவும், அதற்காகவே முன்கூட்டிப் புறப்படுவதாகவும் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். ஆகையால் மேலே உள்ளவற்றை வாசிக்காமல் நேரே இந்த இடத்துக்கு வரவும். எல்லாவற்றையும் களைந்து பழையபடி ஆக்க ஷிஜு மறுபடி பானெட்டைத் திறந்துவிட்டான். ஒரே ஒரு விண்ணப்பம்: இந்த வயதில் விமானம் உடம்புக்கு ஆகாது அத்தான். விழிஞ்ஞத்துக்கு இப்போது பெரிய பெரிய கப்பல்கள் வருகின்றன. நாலைந்து துறைமுகம் சுற்றிப் பார்த்துவிட்டு, கடல் காற்று வாங்கியபடி நிதானமாக வரலாம்.